மேடை தந்தால் போதுமா?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கலைக் கருத்தரங்கில், இசை மாலைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் நூறு ஆண்டுகளைப் பற்றிப் பேச வந்தவர்கள் கட்டடங்களைப் பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் சிறப்பாகப் பேசிவிட்டார்கள். நாம் பேச வந்தது சிறியதொரு காரியம் பற்றி. ஆண்டுக்கு மூன்று தடவை, ஒரு சனிக்கிழமை மாலையில், இதே பிரார்த்தனை மண்டபத்தில் இந்த ஊரின் புதிய இசைக்குழுக்களுக்காக நாம் நடத்திவரும் இசை மாலையைப் பற்றியே சொல்லப் போகிறோம். செய்த நன்மையைப் பட்டியலிடுவது எமது நோக்கமல்ல. அதில் நாம் விட்ட ஒரு பிழையையும் அதிலிருந்து கற்றதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் எம்மைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் ஐந்து பேர். ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, ஒருவர் வங்கியில் பணிபுரிபவர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஒருவர் தையல் வேலை செய்பவர், ஒருவர் வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பவர். எம்மில் எவருக்கும் ஒரு வாத்தியம் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. கதிரை அடுக்கத் தெரியும், ரிக்கற் கிழிக்கத் தெரியும், தொலைபேசியில் பத்துத் தடவை கேட்டு ஒரு ஆமாவை வாங்கத் தெரியும். இதற்கு அவ்வளவு போதும் என்றே தொடங்கினோம்.

தொடங்கிய காரணம் வாத்திய அறை. எமது கல்லூரியின் கீழைத்தேய வாத்தியக் குழுவும் மேலைத்தேய வாத்தியக் குழுவும் பரிசு வாங்கிய செய்திகள் ஆண்டு மலர்களில் நிறைய உண்டு. பரிசு வாங்கிய பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் வாத்தியத்தைத் துடைத்து, கையெழுத்து வைத்து, அறையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். ஆறு வருடம் ட்றம்ஸ் அடித்த பிள்ளை அதன் பின்பு ஒரு நாளும் அதைத் தொடுவதில்லை. பையன்கள் எப்படியாவது ஒரு கோஷ்டியில் ஒட்டிக்கொள்கிறார்கள், கலியாண வீட்டிலாவது வாசிக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதவும் இல்லை. இதைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் கவலைப்பட்டுத் தேநீர் குடித்துக் கலைந்த ஆண்டுகள் பல. 2018இல்தான் கவலையை நிறுத்திவிட்டுத் திகதி குறித்தோம்.

இது எமது மண்ணுக்குப் புதிய யோசனையும் அல்ல. எம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், கோயில் திருவிழா என்றால் இரவிரவாக மெல்லிசைக் கோஷ்டி பாடும். அதற்குக் காசு கொடுத்தவர் உபயகாரர். பந்தல் போட்டவர்கள், ரியூப் லைற் கட்டியவர்கள், கோஷ்டிக்காரருக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் எல்லோரும் அயலிலுள்ள இளைஞர்கள். வாசிகசாலை ஆண்டு விழா, சனசமூக நிலையத்தின் ஆண்டு நிறைவு, விளையாட்டுக் கழகத்தின் இரவு, எல்லாவற்றிலும் இதுவே வழக்கம். யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டியின் பெயரைக் கேள்விப்படாத வீடு அன்று இல்லை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாடலும் ஏ. ஈ. மனோகரனின் பொப் இசைப் பாடல்களும் ஊரூராகப் பரவியதில் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வானொலி எட்டாத புதிய பாடகனுக்கு, இரண்டு பெரிய பாட்டுகளின் நடுவே ‘தம்பியும் ஒண்டு பாடட்டும்’ என்று மைக்கைக் கொடுத்தது அந்தத் திருவிழா மேடைதான்.

தென்னிலங்கையிலும் கதை வேறல்ல. 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன ஆகியோரின் ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழு கிற்றாரோடு சிங்களத்தில் பாட வந்தபோது, அவர்களை மேடையிலும் வானொலியிலும் நிறுத்தி வைத்தவர் விஜய கொரியா என்ற அறிவிப்பாளர். அவர் பாடகர் அல்லர். பாடுபவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர். பாட்டை நினைவில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் நின்றவர்களை மறந்துவிடுகிறோம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட பிள்ளைகளில் இங்கே முன்வரிசையில் இருப்பவர்களும் உண்டு. 1995இன் இடப்பெயர்வில் வாத்தியங்களை விட்டுவிட்டு ஓடிய குழுக்கள் உண்டு. போர் 2009இல் முடிந்த பிறகு கோயில் மேடைகள் திரும்பின, ஆனால் இரவிரவாகப் பாடிய காலம் திரும்பவில்லை. 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பின்பு, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லாமற்போனது. நோயாளரையும் பிள்ளைகளையும் நினைத்தால் அது நல்ல தீர்ப்பு. ஆனால் மேடை நேரம் சுருங்கியபோது முதலில் வெட்டுப்பட்டது ‘தம்பியும் ஒண்டு பாடட்டும்’ என்ற அந்த ஐந்து நிமிடம். இருக்கும் நேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டைப் பாடி முடிக்க வேண்டும். சொந்தமாகப் பாட்டுக் கட்டிய பிள்ளை எங்கே போவது?

ஆகவே நாம் மண்டபத்தைக் கேட்டோம். அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் தந்தார்கள். மூன்று குழுக்கள் வந்தன. இரண்டு பையன்களின் குழுக்கள், ஒன்று எமது கல்லூரியை விட்டு ஆறு மாதமான நான்கு பிள்ளைகளின் குழு. பிரதம விருந்தினரை அழைத்தோம், மங்கள விளக்கேற்றினோம், வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை எல்லாம் வைத்தோம். பாட்டுத் தொடங்க ஏழரை ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஆளுக்கு இருபது நிமிடம். இருந்தாலும் சனம் கைதட்டியது. மறுநாள் எமக்கு வந்த பாராட்டுத் தொலைபேசிகளுக்குக் குறைவில்லை.

அன்றிரவு கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த நான்கு பேரில் ட்றம்ஸ் அடித்த பிள்ளை வந்து நின்றாள்.

‘அக்கா, குறை நினைக்காதேங்கோ. அடுத்த முறை ட்றம்ஸ் கொண்டுவர ஓட்டோக் காசு தருவியளோ?’

எமக்குச் சுருக்கென்றது. ‘பிள்ளை, நாங்கள் ஆரும் இதில ஒரு சதம் எடுக்கேல்லை. இது தொண்டு’ என்றோம்.

அவள் கோபப்படவில்லை. ‘நீங்கள் தொண்டு செய்யிறியள் எண்டு தெரியும் அக்கா. ஆனா எங்களைக் கேக்காமலே எங்களையும் தொண்டர் ஆக்கிப்போட்டியள்’ என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி இல்லை என்று அன்று எமக்குள் பேசிக்கொண்டோம். அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த வாரம் கணக்கு முடிக்க உட்கார்ந்தோம். எம்மில் வங்கியில் பணிபுரிபவர் கணக்கை வாய்விட்டு வாசித்தார். அதை அப்படியே இங்கும் வாசிக்கிறோம்.

வரவு: ரிக்கற் 200 ரூபா வீதம் 64, ஆக 12,800. சங்க உறுப்பினர்களின் அன்பளிப்பு 25,000. மொத்தம் 37,800.

செலவு: ஒலிபெருக்கி 18,000. ஜெனறேற்றர் 5,000. நோட்டீஸ் 3,500. மண்டபத் துப்புரவு 2,000. பொன்னாடையும் மாலையும் 3,200. தேநீர், சிற்றுண்டி 4,000. மொத்தம் 35,700.

மீதி 2,100 ரூபாவைக் கல்லூரி நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது என்று தீர்மானம் எழுதியாயிற்று. அப்போதுதான் எம்மில் தையல் வேலை செய்பவர் கேட்டார்: ‘வாசிச்ச பிள்ளையளின்ர பேர் இதில எங்க?’

ஒலிபெருக்கிக்காரர் கூலி வாங்கினார். மண்டபம் கூட்டிய அம்மா கூலி வாங்கினார். அச்சகம் காசு வாங்கியது. பாட்டே கேட்காமல் பாதியில் எழுந்து போன பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை கிடைத்தது. எதற்காக அத்தனை பேரும் கூடினார்களோ, அதைச் செய்த பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ட்றம்ஸ் ஏற்ற இரண்டு ஓட்டோ, இறக்க இரண்டு ஓட்டோ அவர்கள் கைக்காசு.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தோம். எமக்குப் பழக்கமான மேடை அரங்கேற்றம். அங்கே பிள்ளை கற்று முடித்து மேடையேறுகிறாள், மண்டபம் முதல் பக்கவாத்தியம் வரை செலவெல்லாம் பெற்றோருடையது. மேடை என்பது பிள்ளைக்குக் கிடைக்கும் பாக்கியம், அதற்குக் காசு கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எமக்குள் ஊறிப்போயிருந்தது. கலியாண வீட்டுக் கோஷ்டிக்கு முற்பணம் கொடுக்கும் அதே கையால், புதுப் பிள்ளைகளுக்கு ‘வாய்ப்புத் தருகிறோம்’ என்று சொல்லிவிடுகிறோம். வாய்ப்பைக் கொண்டு ஓட்டோக் கூலி கொடுக்க முடியாது.

அந்த நான்கு பிள்ளைகளும் எமது இரண்டாவது மாலைக்கு வரவில்லை. ஓட்டோக் காசும் வாசித்த காசும் தருகிறோம் என்று நாம் தேடிப் போன நேரம் ட்றம்ஸ் விற்றாயிற்று. ஒரு பிள்ளை வேலைக்குப் போய்விட்டாள், ஒரு பிள்ளை வெளிநாடு போக இருந்தாள். ‘பரவாயில்லை அக்கா’ என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கட்டிய மூன்று பாட்டுகளை இந்த ஊர் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. இனிக் கேட்காது. அந்தக் கடன் எம்மிடம் இருக்கிறது.

அந்த நாட்களில் கலிபோர்னியாவில் வாழும் எமது பழைய மாணவி ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். நாம் இதைச் சொன்னபோது அவர் தமது பகுதியிலுள்ள ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னார். பேர்க்ளி நகரில் கில்மன் வீதி, 924ஆம் இலக்கம். வெளியே பார்த்தால் சாதாரண களஞ்சியக் கட்டடம். 1986 டிசம்பர் 31ஆம் திகதி அங்கே முதல் இசை இரவு நடந்தது. அன்று முதல் அதை நடத்திவருவோர் தொண்டர்கள். மதுபானம் இல்லை, போதைப்பொருள் இல்லை, சண்டை இல்லை, இனவெறி இல்லை, பெண்களை இழிவுபடுத்தல் இல்லை என்பது விதி. மதுச்சாலைகளுக்குள் போக முடியாத பள்ளி வயதுப் பிள்ளைகளும் அங்கே வந்து கேட்கலாம், வாசிக்கலாம். வாசலில் நிற்பவரும் கூட்டித் துடைப்பவரும் ஒலி பார்ப்பவரும் அங்கே இசை கேட்க வருபவர்களே. வாசலில் சேரும் காசில் ஒரு பங்கு வாசித்த குழுக்களுக்குப் போகிறது.

‘கிறீன் டே’ என்ற குழு அங்கே வளர்ந்ததுதான். அவர்கள் பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து 1994இல் உலகப் புகழ் பெற்றார்கள். பெரிய நிறுவனங்களின் குழுக்களுக்கு அங்கே மேடை இல்லை என்பதும் ஒரு விதியாக இருந்தது. ஆகவே உலகமே அழைத்த அந்தக் குழுவுக்கு, தாம் வளர்ந்த மேடையில் நீண்ட காலம் இடமில்லை. 2015இல் ஒரு நிதி சேகரிப்புக்காகவே திரும்ப வந்து வாசித்தார்கள். அந்த விதி சரியா பிழையா என்று எமக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் எமக்குப் பிடித்தது: பெயர் எடுத்தவருக்கு வேறு மேடைகள் உண்டு, இந்த மேடை இன்னும் பெயர் எடுக்காதவருக்கு.

அந்த ஊரின் இசையும் பழக்கவழக்கமும் வேறு. அதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். நடத்துபவர் தொண்டர், வாசிப்பவர் தொழிலாளர். இரண்டையும் குழப்பக் கூடாது.

இப்போது எமது ஒழுங்கு இதுதான். பிரதம விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை, உரை இல்லை. வரவேற்பு இரண்டு நிமிடம். மூன்று குழுக்கள், ஆளுக்கு நாற்பது நிமிடம். அவற்றில் ஒன்றாவது முதன்முறை மேடையேறும் குழுவாக இருக்க வேண்டும், ஒன்றிலாவது பெண் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். எந்தக் குழுவும் தமது சொந்தப் பாட்டு இரண்டாவது பாட வேண்டும். மிச்ச நேரத்தில் சினிமாப் பாட்டுப் பாடட்டும், நாமும் சேர்ந்து பாடுவோம். ஒவ்வொரு குழுவுக்கும் போக்குவரத்துச் செலவும் ஒரு குறைந்தபட்சத் தொகையும் நிகழ்ச்சிக்கு முன்பே உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். சனம் வந்தாலும் வராவிட்டாலும் அது மாறாது. நட்டம் வந்தால் அது எமது நட்டம். ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். மிஞ்சினால் குழுக்களுக்குச் சமமாகப் பிரிக்கிறோம், கணக்கை வாசற் பலகையில் ஒட்டுகிறோம்.

வேறு ஊர்களில் இதைச் செய்ய விரும்பும் சகோதரிகளுக்காகச் சில நடைமுறைச் செய்திகள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். ரிக்கற் அடிப்பதென்றால் கேளிக்கை வரியைப் பற்றி உள்ளூராட்சி சபையில் முதலிலேயே விசாரியுங்கள். எமது மண்டபம் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கட்டியது. தேவாரத்துக்கு நன்றாக இருக்கும் அதே எதிரொலி ட்றம்ஸுக்குக் கேடு. பின்சுவரில் பாய்களையும் தடித்த திரைகளையும் தொங்கவிட்டு, ட்றம்ஸுக்குக் கீழே கம்பளம் விரித்தோம், பாதி தீர்ந்தது. ஒலியைக் கூட்டுவதை விட்டுக் கதிரைகளை மேடைக்குக் கிட்ட இழுத்தோம், மீதியும் தீர்ந்தது. ஒலிப் பரிசோதனையைக் கடைசியில் வாசிக்கும் குழுவிலிருந்து தொடங்குங்கள். அப்படிச் செய்தால் முதலில் வாசிக்கும் குழுவின் ஒழுங்கு மேடையில் அப்படியே இருக்கும், நேரத்துக்குத் தொடங்கலாம்.

இன்னொன்று. சொந்தப் பாட்டுக் கட்டும் பிள்ளைகளுக்கு, எழுதியவர் பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் திகதியையும் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டு ஆக்கியவருக்குரியது. அதற்குத் தனியாகப் பதிவு தேவையில்லை. ஆனால் பின்னாளில் நால்வருக்குள் யார் ஆக்கியது என்ற கேள்வி வந்தால், கொப்பிதான் சாட்சி.

பெண் பிள்ளைகளின் விடயத்தில் எமக்குக் கிடைத்த பாடம் வேறு. அவர்கள் வாசிக்காததற்குக் காரணம் ஆர்வக் குறைவு என்று நாம் நினைத்திருந்தோம். வீடு வீடாகப் போய்த் தாய்மாரோடு பேசியபோது எவரும் இசையை எதிர்க்கவில்லை. கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘பிள்ளையை இரவு ஆர் கொண்டுவந்து விடுறது?’ அதற்கு மறுமொழியாக ஒரு வான் பிடித்தோம். எம்மில் ஒருவர் அதில் கடைசி வீடு வரை போய் வருவார். நிகழ்ச்சி ஒன்பது மணிக்கு முடியும், ஒன்பதரைக்கு வான் புறப்படும். எமது செலவுப் பட்டியலில் மிகப் பயனுள்ள வரி அந்த வான் கூலி. வேறு எவரும் செய்ய முடியாத, பழைய மாணவிகளால் மட்டும் செய்யக்கூடிய வேலையும் அதுவே என்று நினைக்கிறோம். தாய்மார் மேடையை நம்பவில்லை, எம்மை நம்பினார்கள்.

எமது ஆசிரியை ஒருவர் அன்போடு கடிந்துகொண்டார்: ‘பயிற்சி முடியாத பிள்ளைகளை மேடையேற்றுகிறீர்களே, இது கல்லூரியின் தராதரத்துக்கு ஏற்றதா?’ உண்மைதான், சுருதி விலகும், ஒருவர் தொடங்க மற்றவர் மறப்பார். ஆனால் ரீச்சர், குழுவாக வாசிப்பது அறைக்குள் மட்டும் கற்கக்கூடிய வித்தை அல்ல. பிழைவிட்ட பின்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எப்படிச் சேர்ந்துகொள்வது என்பதை நாலு பேர் முன்னால்தான் கற்க முடியும். முதல் மாலையில் நடுங்கிய குழு மூன்றாவது மாலையில் சிரித்துக்கொண்டு வாசித்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு தடவை மேடை தருவது எவருக்கும் இலகு. இரண்டாவது தடவை அழைப்பதுதான் உதவி.

நடுவில் பெருந்தொற்றுக் காலத்தில் மண்டபம் பூட்டியிருந்தது. 2022இன் நெருக்கடியில் மின்சாரமும் இல்லை, எரிபொருளும் இல்லை, கிற்றார்த் தந்தியின் விலையைக் கேட்டாலே பயம். விட்டுவிடலாம் என்று எம்மில் இருவர் சொன்னோம். விற்றுப்போன அந்த ட்றம்ஸின் நினைவுதான் எம்மைத் திரும்ப மண்டபத் திறப்பைக் கேட்க வைத்தது.

இறுதியாக, இந்தச் சபையிடம் எமது வேண்டுகோள்கள். பழுதடைந்து வீட்டில் கிடக்கும் கிற்றார், கீபோர்ட் இருந்தால் தாருங்கள், திருத்தி இரவல் கொடுப்போம். வெளிநாட்டுக் கிளைகளிலுள்ள சகோதரிகள் பணம் அனுப்ப விரும்பினால், ‘வாசிப்பவர்களுக்கு’ என்று குறித்து அனுப்புங்கள், பொன்னாடைக்குப் போகாது. இலவச அழைப்பிதழ் கேட்காதீர்கள், ரிக்கற் வாங்குங்கள். வாங்கினால் வந்து இருங்கள். கடைசிக் குழு முடியும்வரை இருங்கள். தெரியாத பாட்டைக் கேட்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமையை இந்தக் கல்லூரி எமக்குத் தந்திருக்கிறது.

அடுத்த இசை மாலைக்கு இரண்டு குழுக்கள் பெயர் தந்திருக்கின்றன. மூன்றாவது இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளே, அது உங்களுக்கானது. உறையும் வானும் ஆயத்தம்.